லட்சுமணன் இட்ட முட்டை

அரைகுறை வைத்தியம் படித்தவனை வீட்டில் வைத்திருப்பது ஆபத்து. அவன் கையால் நோயாளி செத்தாலாவது காய்ச்சல் மேல் பழியைப் போடலாம். என் கையால் செத்தது என் தங்கையின் கல்யாணம்.

மலாயாவில் பத்து பாகாட் என்கிற ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றின் ஆஸ்பத்திரியில் நான் சின்ன டிரஸ்ஸர். அதாவது புண்ணுக்கு மருந்து தடவுகிறவன். (நடையைப் பார்த்தால், பெரிய டாக்டரே என்னைக் கேட்டுத்தான் ஊசி போடுவார் போலிருக்கும்.) குளிக்கும் கொட்டகை ஓரத்துத் தொட்டியில் இரண்டு ஆமைகளை வளர்த்தேன். ராமன், லட்சுமணன். ஆமை வீட்டுக்கு ஆகாது என்று அம்மா புலம்பும்போதெல்லாம், தொட்டி வீட்டுக்கு வெளியேதானே இருக்கிறது என்று வாதாடுவேன். பெருகினால் என்ன செய்வாய் என்று அப்பா கேட்டார். இரண்டையும் மல்லாத்திப் போட்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பரிசோதித்தேன்.

"ரெண்டுமே ஆம்பளைங்கப்பா. படிச்சவன் சொல்றேன்."

அது ரப்பர் விலை விழுந்த காலம். ஆள்குறைப்பில் அப்பாவின் பெயரும் வந்துவிட்டது. என் ஆஸ்பத்திரி வேலை தப்பியது; அவரும் அம்மாவும் ஊருக்குக் கப்பலேறியாக வேண்டும். தங்கை செல்லம்மா இங்கே பிறந்தவள். இந்தியா எந்தத் திசை என்றுகூட அவளுக்குத் தெரியாது. நல்ல வேளையாகச் சிங்கப்பூரில் வேலையிலிருந்த மாப்பிள்ளை ஒருவர் அமைந்தார். கல்யாணம் நடந்தால் அவள் இங்கே இருப்பாள். நடக்காவிட்டால் அவளும் கப்பலில் போவாள்.

கல்யாணத்துக்கு முன் பாலிகைச் சட்டிகளில் நவதானியம் விதைப்பார்கள். பயிர் செழித்தால் குடும்பம் தழைக்கும் என்று நம்பிக்கை. அம்மா என்னைப் புற்றுமண் கொண்டுவரச் சொன்னாள். புற்றுக்குள் பாம்பு இருக்கும் என்கிற விஞ்ஞான அறிவு எனக்கு இருந்ததால், கொட்டகைக்குப் பின்னால் தோண்டினேன். மண் பொலபொலவென்று இருந்தது. (எனக்கு முன்பே ஒருவர் தோண்டி மூடிய இடம் என்று நான் கண்டேனா?) உள்ளே நீளவாக்கில் இரண்டு வெள்ளைக் கட்டிகள். சுண்ணாம்பு என்று முடிவு செய்தேன். பயிருக்கு நல்லதாயிற்றே என்று பெரிய சட்டியில் பத்திரமாகப் புதைத்தேன். செல்லம்மா தினமும் தண்ணீர் தெளித்தாள்.

முகூர்த்தத்தன்று தோட்டத்துக் கோயிலில் மணவறை முன் சட்டிகளை வைத்தார்கள். தாலி இன்னும் தட்டில்தான் இருந்தது. பெரிய சட்டியில் பயிர் அசைந்தது. அம்மன் வந்துவிட்டாள் என்று மாப்பிள்ளையின் அம்மா கைகூப்பினார். கூப்பிய கைக்கு நேராக ஒரு சின்னத் தலை எட்டிப் பார்த்தது. பிறகு ஓடு. பின்னாலேயே இன்னொன்று. முதலாவது விளிம்பைத் தாண்டி மாப்பிள்ளை மடியில் விழுந்தது.

மேளம் நின்றுவிட்டது. அந்த அம்மாள் குரலை உயர்த்தாமலே மகனிடம் சொன்னார்.

"மணவறைக்கே ஆமை வந்துடுச்சு. எந்திரிப்பா."

எங்கிருந்தோ வந்த ஜந்து என்று பெரியவர்கள் சமாளிக்கப் பார்த்தார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். நடுவில் புகுந்து, இவை எங்கள் ஆமைகளின் குட்டிகளாக இருக்கவே முடியாது, எங்களுடையவை இரண்டும் ஆண் என்று விளக்கினேன். எங்கள் வீட்டில் ஆமை வளர்கிறது என்பதே அதுவரை அவர்களுக்குத் தெரியாது.

மாப்பிள்ளை என்னை ஒரு பார்வை பார்த்தார். மாலையைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்தார். அவர்கள் வண்டி கிளம்பிய பிறகும் நான் விளக்கிக்கொண்டுதான் இருந்தேன்.

கப்பலேறும்போது செல்லம்மா என்னைத் திட்டவில்லை. திட்டித் தொலைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"லட்சுமணனுக்குச் சீதைன்னு பேரு மாத்துண்ணே. குட்டிங்களை எங்கயும் விட்டுடாத. இங்க பொறந்ததுங்க, இங்கயே இருக்கட்டும்."

இன்றும் இங்கே இருக்கும் எங்கள் சொந்தக்காரர்களில் யாராவது பிள்ளையுண்டானால், ஆணா பெண்ணா என்று முதலில் என்னைத்தான் கேட்பார்கள். ஆண் என்பேன். உடனே பாவாடைத் துணி எடுக்கக் கடைக்குக் கிளம்புவார்கள். வயிறு வலிக்கச் சிரிப்பார்கள், நானும்தான்.

அப்புறம் தொட்டிக்குப் போய்க் கீரை போடுவேன். குட்டிகள் இரண்டும் கையகலம் வளர்ந்துவிட்டன. அவள் சொன்னபடி இங்கேயேதான் இருக்கின்றன. அவளைத்தான் அதற்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை.