எட்டு வெடியா, பன்னிரண்டு வெடியா?

என் வாழ்நாளில் நான் ஒரே ஒரு மனிதரைத்தான் சுட்டிருக்கிறேன். அவர் செத்த பிறகும் விடாமல் சுட்டேன் என்பதுதான் பிரச்சினையாகிவிட்டது.

பதற வேண்டாம். நாடகம்தான், பொம்மைத் துப்பாக்கிதான். ஆனாலும் இன்றைக்கு அதை நினைத்தால் காது மடல் சூடாகிறது.

மொன்றியலுக்கு வந்து ஒரு குளிர்காலம் முடிவதற்குள் எனக்குப் பேச்சே மறந்துவிடும் போலிருந்தது. டவுன்டவுனில் ஆபீஸ், ஆனால் வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லிவிட்டார்கள். புறநகரான லொங்குய்யில் ஒரு பங்களாவின் நிலத்தடி அறையில் குடியிருந்தேன். ஜன்னல் வழியாகத் தெரிவது பனியும் பக்கத்து வீட்டுக்காரரின் பூட்சும் மட்டும்தான். நாள் முழுக்க நான் வாய்விட்டுப் பேசியது ‘பொன்ஜூர்’, ‘மெர்சி’ என்று வணக்கமும் நன்றியுமாக இரண்டு பிரெஞ்சு வார்த்தைகள், அதுவும் மூலைக்கடைக்காரரிடம். திருநெல்வேலியிலிருந்து அம்மா போன் போட்டு, “கூட யாருப்பா இருக்கா?” என்பாள். “நிறையப் பேரு இருக்காங்கம்மா” என்பேன். (ஹீட்டரையும் சேர்த்தால் இரண்டு பேர்.)

தமிழ்க் கடையில் கறிவேப்பிலை பொறுக்கிக்கொண்டிருந்தபோதுதான் மரியநாயகம் அண்ணை என்னைக் கண்டுபிடித்தார். இலங்கையிலிருந்து வந்தவர். டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்குகிற வேலை. மற்ற நேரமெல்லாம் மாதா கோயில் மண்டபத்துக்கு நாடகம் எழுதி, இயக்கி, கதாநாயகனாக நடித்து, கடைசியில் அவரே செத்தும் விடுவார்.

“தம்பி, நல்ல முரட்டு முகம்” என்றார். “இப்பிடி ஒரு முகத்தைத்தான் தேடிக்கொண்டு திரியிறன். வில்லனா நடிக்க எங்கட ஆக்கள் ஒருத்தரும் வரமாட்டினமாம். நாளைக்குப் பிள்ளையளுக்குச் சம்பந்தம் பேசேக்க, ‘ஓ, நாடகத்தில அந்த வீட்டை விழுங்கினவனோ’ எண்டு கேப்பினமாம். உமக்கு இஞ்ச சொந்தக்காரர் ஆரும் இருக்கினமோ?”

“யாரும் இல்லண்ணே.”

“நல்லதாப் போச்சு” என்றார்.

நான் தனியாள் என்பதைக் கேட்டு சந்தோஷப்பட்ட முதல் மனிதர் அவர்தான். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

சனிக்கிழமைதோறும் அவர் வீட்டில் ஒத்திகை நடந்தது. அண்ணையின் மனைவி றீற்றா அக்கா மட்டன் ரோல்ஸ் பொரித்து, பிளேன் டீ தருவார். இடுப்பில் டிவி ரிமோட்டைச் செருகிக்கொண்டு நான் வில்லத்தனம் செய்வேன். வாரத்தில் ஆறு நாளும் அந்த ஒரு நாளுக்காகவே உயிரோடு இருந்தேன் என்று சொன்னால் மிகையில்லை. நாடகம் முடிந்தால் சனிக்கிழமையும் முடிந்தது. நன்றாக நடித்தால் அடுத்த நாடகத்துக்கும் கூப்பிடுவார்கள்; சொதப்பினால் திரும்பவும் ஹீட்டர்தான். என் கவலை அவ்வளவுதான், ஆனால் எனக்கு அது மலையளவு கவலை.

அரங்கேற்றத்துக்கு முந்தைய வாரம் அண்ணை சொன்னார்: “துவக்கு நீரே பாத்து வாங்கும். சின்னதா வாங்கும், இடுப்பில ஒளிக்க வேணும். ரெண்டு சத்தம் போதும். ரெண்டாவதுக்கு நான் விழுந்திடுவன்.”

ரெண்டே ரெண்டா! அண்ணைக்குச் சாகும்போது மூன்று பக்க வசனம் இருந்தது. தன் நேரத்தை மிச்சம்பிடிக்க என் வெடியில் கை வைக்கிறார் என்று எனக்குத் தோன்றிவிட்டது. (கலைஞனின் கோபம் ஐயா, கலைஞனின் கோபம்!)

பொம்மைக் கடையில் இரண்டு துப்பாக்கிகள் இருந்தன. ஒன்று உள்ளங்கைக்குள் அடங்கும். அதன் பிளாஸ்டிக் வளையத்தில் எட்டுப் பொட்டுவெடிகள். மற்றது என் முழங்கை நீளம், பன்னிரண்டு வெடிகள். சிறியதை ஒளிக்கலாம், ஆனால் சீக்கிரம் தீர்ந்துவிடும். பெரியது நின்று வெடிக்கும், ஆனால் ஒளிக்க இடமில்லை. முடிவெடுக்க முடியாமல் வீட்டுக்குத் திரும்பி வந்து, இன்டர்நெட்டில் தேடினேன்.

தேடியிருக்கக் கூடாது. எல்லைக்கு அந்தப் பக்கம், அமெரிக்காவில், தாடி வைத்த பெரிய மனிதர்கள் இதே கேள்வியை மணிக்கணக்கில் அலசுகிறார்கள்! நிஜத் துப்பாக்கியைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு மளிகைக் கடைக்குப் போகிறவர்கள். சின்னதென்றால் உட்கார்ந்து எழுந்தாலும் உறுத்தாதாம், ஆனால் குண்டு போதாதாம். பெரியதென்றால் குண்டு தாராளம், ஆனால் குனிந்தால் சட்டை தூக்கிக் காட்டிக்கொடுத்துவிடுமாம். ‘எத்தனை எதிரிகளை எதிர்பார்க்கிறீர்கள்?’ என்று ஒருவர் என் கண்ணைப் பார்த்துக் கேட்டார். எனக்கு ஒரே எதிரிதான். அவரும் தானாக விழுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். அப்படியிருந்தும் அந்த வாரம் முழுக்கச் சாப்பிடும்போது அந்தத் தாடிகளின் வீடியோக்களைத்தான் ஓடவிட்டேன். அறைக்குள் ஒரு மனிதக் குரல் கேட்டதே, அது போதுமென்று இருந்தது.

கடைசியில் பெரியதையே வாங்கினேன். தாடிக்காரர்கள் சொன்னதற்காக மட்டுமில்லை. ஒரு வெடிக்கு ஒரு நொடி என்றாலும், பன்னிரண்டு நொடி முந்நூறு பேர் என்னையே பார்ப்பார்கள். அந்தக் குளிர்காலம் முழுக்க யாருமே என்னைப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை பின்னேரம். மண்டபம் நிறைந்திருந்தது. நான் அண்ணையின் பழைய கோட்டும் பேண்டும் போட்டிருந்தேன். பேண்ட் அண்ணையின் இடுப்புக்குத் தைத்தது. பெல்ட்டை இறுக்கி, துப்பாக்கியைச் செருகி, கம்பீரமாக மேடையேறினேன். நான்காவது எட்டு வைத்தபோது அது மெதுவாக விடைபெற்று, வலது தொடை வழியாகக் கீழே இறங்கி, முழங்காலருகில் போய் நின்றுகொண்டது. மிச்ச தூரத்தை ஒரு கால் விறைத்தபடியே நடந்து கடந்தேன். வில்லனுக்கு ஊனம் என்று சனம் நினைத்திருக்கும்.

அண்ணை நெஞ்சை நிமிர்த்தினார். “அந்தத் துவக்கை எடுக்கிற துணிவு உனக்கு இருக்கோ?”

இடுப்பில் கை விட்டேன். சட்டைதான் இருந்தது.

அண்ணை கண்ணால் அதட்டினார். “இருக்கோ எண்டு கேட்டன்!”

“இருக்குண்ணே, ஒரு நிமிஷம்” என்றேன். (இது வசனத்தில் இல்லை.)

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். காலை உதறினேன், துப்பாக்கி கணுக்காலுக்கு வந்தது. குனிந்து, பேண்டின் அடிப்பக்கமாகக் கையை விட்டு, கிடைத்ததைப் பிடித்து மூன்று தரம் இழுத்தேன். கிடைத்தது விசை. நடிகர்களின் குரலைப் பிடிக்க மேடை விளிம்பில் தரையோடு தரையாக ஒரு மைக் வைத்திருந்தார்கள். என் கால் அதற்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. பேண்டுக்குள்ளே மூன்று வெடி. அந்தப் பொம்மைச் சத்தம் மண்டபத்தின் நாலு மூலை ஒலிபெருக்கியிலும் நிஜத் துப்பாக்கியாகவே இறங்கியது.

அண்ணை சொன்னபடி விழுந்தார். மண்டபத்தில் ஒரு மூச்சுக்கூட இல்லை. முன்வரிசைகளில் தலைகளையே காணவில்லை. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? சிரிப்பை அடக்க முடியாமல் எல்லோரும் குனிந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். மானம் போனது போனதுதான், மீதி ஒன்பதையாவது ஒழுங்காகச் சுட்டு நாடகத்தைக் காப்பாற்றுவோம் என்று துப்பாக்கியை வெளியே உருவி, கீழே கிடந்தவரைக் குறிபார்த்து, படார், படார் என்று ஆரம்பித்தேன். பேண்டிலிருந்து புகை வேறு வந்துகொண்டிருந்தது.

பிணம் கண்ணைத் திறக்காமல், மைக்குக்குப் பக்கத்தில் வாயை வைத்து, நிதானமாகச் சொன்னது:

“காணும் தம்பி, செத்திட்டன்.”

(காணும் என்றால் அவர்கள் பேச்சில் போதும்.)

பிறகு மண்டபமே வெடித்தது. சிரிப்பென்றால் அப்படியொரு சிரிப்பை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. அப்போதுதான் நாற்காலிகளுக்கு இடையிலிருந்து ஒவ்வொருவராக எழுந்தார்கள். நரைத்த தலைகள், சேலையைத் தட்டிவிட்டுக்கொண்ட பெண்கள், பக்கத்தில் இருந்தவரின் பிள்ளையை இன்னும் இறுக்கிப் பிடித்திருந்த ஒருவர். றீற்றா அக்கா தரையிலிருந்து எழுந்துகொண்டிருந்தார். சிரித்துக்கொண்டே கண்ணையும் துடைத்தார்.

நான் துப்பாக்கிச் சத்தத்தைச் சினிமாவில் கேட்டு விசிலடித்து வளர்ந்தவன். போருக்குத் தப்பி வந்தவர்கள் நிறைந்த அந்த மண்டபத்தில் அதை நிஜத்தில் தெரியாதவன் நான் ஒருவன்தான். ‘ரெண்டு போதும்’ என்று அண்ணை சொன்னது ஏன் என்று அப்போது புரிந்தது.

சமையலறை வழியாக ஓடி, பின்கதவைத் திறந்து பனியில் போய் நின்றேன். ஜாக்கெட் உள்ளே, தொப்பி உள்ளே, திரும்பிப் போக முகம் மட்டும் இல்லை. இப்படியே மெட்ரோ வரை ஓடிவிடலாமா என்று கணக்குப் போட்டேன். அப்போது கதவு திறந்தது. றீற்றா அக்கா.

“தம்பி, எல்லாம் சுட்டு முடிச்சாச்சோ, இன்னும் மிச்சம் இருக்கோ? இருந்தா அங்கயே சுட்டுப்போட்டு வாரும். சாப்பாடு ஆறுது.”

“மன்னிச்சிருங்கக்கா. எனக்குத் தெரியாதுக்கா.”

“உமக்கு என்னெண்டு தெரியும்? தெரியாமலே இரும், அது நல்லம்.” சேலையைத் திரும்பவும் தட்டினார். “கீழ படுத்தாப்பிறகுதான் தெரியுது, இந்த மண்டபத்தை ஒருத்தரும் கூட்டிறேல்லை.”

உள்ளே, மரியநாயகம் அண்ணை தக்காளி சாஸ் வழிந்த சட்டையோடு ரோல்ஸ் தின்றுகொண்டிருந்தார். “என்ர கடைசி வசனம் போச்சு” என்றார். “ரெண்டு வருசமா எழுதினது. மூண்டு பக்கம்.”

“சாரிண்ணே.”

“ரெண்டு எண்டு சொன்னனான்.”

“சொன்னீங்கண்ணே.”

கொஞ்ச நேரம் மென்றார். “ஏனெண்டும் சொல்லியிருக்க வேணும். அது என்ர பிழை.” ஒரு ரோல்ஸை என் பக்கம் தள்ளினார். “ஈஸ்டருக்குத் திருப்பாடுகளின் நாடகம் போடுறம். ஆண்டவரைக் காட்டிக்குடுக்கிற யூதாசுக்கும் எங்கட ஆக்கள் வரமாட்டினம். துவக்கு இல்லாத பாத்திரம். ஒரு முத்தம் மட்டும்தான். விளங்கிச்சோ? பன்னிரண்டு வேண்டாம்.”

யூதாஸாக நடித்தேன். அதற்குப் பிறகு பிலாத்து, ஏரோது, வட்டிக்கடைக்காரன், குடிகார மருமகன் என்று மொன்றியல் தமிழர்களின் அத்தனை பாவங்களையும் நானே சுமந்தேன். சனிக்கிழமைகளில் றீற்றா அக்கா சோறு போடப் போட, மேசையைச் சுற்றி யாராவது ஒருவர் தட்டை மூடிக்கொண்டு, “காணும், செத்திட்டன்” என்பார்கள். அந்த வீட்டில் ‘போதும்’ என்ற சொல்லே ஒழிந்துபோனது.

போன வருடம் அண்ணையும் அக்காவும், இங்கிருந்த தமிழர்கள் எல்லோரையும் போல, மகளோடு இருக்க டொரன்டோ போய்விட்டார்கள். நான் இங்கேயேதான் இருக்கிறேன். இப்போது என் ஜன்னலில் பக்கத்து வீட்டுக்காரரின் முழு உருவமும் தெரிகிறது, முன்னேற்றம்தான். சனிக்கிழமை மத்தியானம் றீற்றா அக்கா போன் போடுவார். பேத்திக்கு மூன்று வயது. அது நாடகத்தையும் பார்த்ததில்லை, என்னையும் பார்த்ததில்லை. தமிழென்று வாயில் வருவது ஐந்தாறு சொற்கள்தான். அதற்குச் சோறு ஊட்டும்போது அக்கா போனைப் பக்கத்தில் பிடிப்பார், நான் கேட்பதற்காக. ஒரு வாய், இரண்டு வாய், பிறகு அந்தக் கீச்சுக் குரல் மகா கண்டிப்பாகச் சொல்லும்: “காணும், செத்திட்டன்.”

அங்கே எல்லோரும் சிரிப்பார்கள். நானும் இங்கே சிரிப்பேன். பிறகு போனை வைத்துவிட்டு, எனக்கு நானே இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொள்வேன்.