பிச்சாவரத்தில் பட்டுப்புடவையோடு இறங்கியது

தொல்லியல் படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. நிமிர்ந்து நடக்க வராது. கண் எப்போதும் தரையிலேயே இருக்கும். ரோடு போட மண் கொட்டியிருந்தால் போதும், வந்த பஸ்ஸை விட்டுவிட்டு அந்தக் குவியலைச் சுற்றி வருவோம். என் கல்யாண ஆல்பத்தில் ஒரு படத்தில்கூட நான் தலை நிமிரவில்லை. "பொண்ணு என்னா அடக்கம்" என்று கடலூரில் என் கணவர் வீட்டுச் சொந்தமெல்லாம் மெச்சிக்கொண்டது. மாதா கோயில் வாசலில் புதிதாகக் கொட்டியிருந்த மண்ணில் கறுப்பு சிவப்புப் பழம்பானை ஓடு ஒன்று கிடந்ததும், நாள் பூராவும் நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதும் கணவருக்கு மட்டும் தெரியும். (தாலி கட்டி முடித்த கையோடு அவரிடம்தான் அதை எடுத்துவரச் சொன்னேன். எடுத்துவந்தார், பாவம்.)

இப்படிப்பட்டவளை ஓவிய மியூசியத்துக்கு டைரக்டராக்கினால் என்ன நடக்கும்? சுவரில் மாட்டியிருப்பதைப் பார்க்க வேண்டிய வேலை அது. எனக்கோ கழுத்து அந்தப் பக்கம் திரும்பிப் பழக்கமில்லை.

ஆனாலும் ஆனேன். குழிக்குள் குந்திக் குந்தி முட்டி இரண்டும் போய்விட்டது. "இனிமே தரையில ஒக்காராதீங்க" என்றார் டாக்டர். தரையில் உட்காராத தொல்லியலாளர் தண்ணீரில் இறங்காத மீனவர் மாதிரி. அந்தச் சமயத்தில்தான் பண்ருட்டி முந்திரி வியாபாரி ஒருவர், கடலூரில் கடற்கரைக்குப் போகிற வழியில் ஒரு ஓவிய மியூசியம் கட்டிக்கொண்டிருந்தார். மியூசியம் என்றால் பழசு, பழசு என்றால் தொல்லியல், தொல்லியல் என்றால் பிலோமினா மேடம். அவருடைய கணக்கு அவ்வளவுதான். "சார், எனக்குப் பானைதான் தெரியும், படம் தெரியாது" என்று உண்மையைச் சொன்னேன். "உடைஞ்ச பானையையே பாத்து இவ்ளோ சொல்றீங்க, முழுசா இருக்கற படத்தப் பாத்துச் சொல்ல மாட்டீங்களாம்மா?" என்றார். எனக்கு அது அப்போது ரொம்ப நியாயமாகப் பட்டது.

திறப்பு விழாவுக்குத் தேதி குறித்தாயிற்று. நடு ஹால் மட்டும் காலியாகக் கிடந்தது. முந்திரி வியாபாரிதான் மியூசியத்துக்குச் சேர்மன். ஒவ்வொரு முறை வரும்போதும் அந்தச் சுவரைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார். "ஒண்ணும் கெடைக்கலைன்னா சொல்லும்மா. எங்கப்பா போட்டோ பெருசா ஒண்ணு இருக்கு. முந்திரித் தோப்புல நிக்கிறாப்புல."

நல்ல வேளையாக அப்போதுதான் தில்லைநாயகி டீச்சரைப் பற்றிக் கேள்விப்பட்டேன். சிதம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பா துறைமுக ஆபீசில் படம் போடும் வேலையில் இருந்தவர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பிச்சாவரம் போய்ப் படகில் உட்கார்ந்து நீர்வண்ணத்தில் வரைவாராம். வீடு நிறையப் படம். சென்னையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் ஆட்கள் வந்து கேட்டும் டீச்சர் கொடுக்கவில்லை.

போனேன். போவதற்கு முன் ஒரு வாரம் கம்ப்யூட்டரில் ஓவிய வகுப்பெல்லாம் பார்த்து, ஒளி, நிழல், வெளி என்று சில வார்த்தைகளை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். டீச்சர் காபி கொடுத்தார். நான் ஒளியில் ஆரம்பித்து நிழலுக்கு வருவதற்குள் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"வந்தவங்க எல்லாரும் இதத்தான் சொன்னாங்க. வானம் நல்லாருக்கு, தண்ணி நல்லாருக்குன்னு. நீங்க இன்னும் படத்தப் பாக்கவே இல்ல, அதுக்குள்ள சொல்றீங்க."

எனக்குக் காபி புரையேறியது.

"நாளைக்குக் காலையில பிச்சாவரம் வாங்க. அப்பா வரைஞ்ச எடத்தப் பாருங்க. அப்பறம் படத்தப் பாக்கலாம். அப்பறம் பேசலாம்" என்றார். வகுப்பு முடிந்தது என்பது மாதிரி எழுந்துவிட்டார்.

மறுநாள் காலை மெரூன் பட்டுப்புடவை கட்டிக்கொண்டேன். கணவர் ஆரோக்கியராஜ் ஸ்கூலில் விளையாட்டு வாத்தியார். அதிகம் பேச மாட்டார். அன்று மட்டும் பேசினார்.

"படகுல போறதுக்கு எதுக்கு பிலோ பட்டு?"

"டைரக்டர்னா ஒரு மரியாதை வேணாங்களா?"

அவர் ஒன்றும் சொல்லாமல் பைக்கை எடுத்தார். (அந்த மௌனத்தை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. கொஞ்சம் வற்புறுத்தியிருக்கலாம்.)

படகோட்டியின் பெயர் கலியமூர்த்தி. டீச்சர் முன்பக்கம், நான் நடுவில், அவர் பின்னால் துடுப்போடு. கொஞ்ச தூரம் வெட்டவெளியாக வந்த தண்ணீர் சட்டென்று ஒடுங்கி ஒரு வாய்க்காலாகி, வாய்க்கால் இருட்டிக்கொண்டு காட்டுக்குள் நுழைந்தது. இரண்டு பக்கமும் சுரபுன்னை வேர்கள் காலை அகட்டி அகட்டித் தண்ணீரில் நின்றன. மேலே கிளைகள் ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டு கூரை போட்டிருந்தன. வெயில் அங்கே வெயிலாக வரவில்லை. பச்சையாகக் கசிந்து, தண்ணீரில் விழுந்து, அங்கிருந்து எழும்பி இலைகளின் அடிப்பக்கத்தில் நெளிந்தது. துடுப்பு இறங்கும் சத்தம், ஏறும் சத்தம். எங்கோ ஒரு பறவை ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது. படகு போகிறதா, காடு எங்களைத் தாண்டிப் போகிறதா என்று தெரியவில்லை. ஒளியைப் பற்றி மனப்பாடம் செய்ததெல்லாம் மறந்துபோனது. மறந்ததுகூடச் சுகமாக இருந்தது.

ஒரு திருப்பத்தில் டீச்சர் கையைத் தூக்கினார். கலியமூர்த்தி படகை நிறுத்தினார். தண்ணீர் வடிந்திருந்த நேரம். கரையோரமாகச் சேறு பளபளவென்று படுத்திருந்தது.

"இந்த எடந்தான்" என்றார் டீச்சர். முதல் தடவையாக அவர் குரல் ஹெட்மிஸ்ட்ரஸ் குரலாக இல்லை. "அப்பா கடைசியா வரைஞ்சது இங்கதான். அப்போ கண்ணு பாதி போயிடுச்சு. எது எந்தக் கலருன்னு அவருக்குத் தெரியாது. நான்தான் பக்கத்துல ஒக்காந்து எடுத்துக் குடுப்பேன். அன்னைக்கு என் கையப் புடிச்சிகிட்டு ஒண்ணு சொன்னாரு…"

அந்த நொடியில் நான் அதைப் பார்த்தேன்.

சேற்றிலிருந்து ஒரு விளிம்பு எட்டிப் பார்த்தது. வளைந்த, தடித்த, செம்மண் நிற விளிம்பு. அதன் கீழே ஒரு கழுத்து. கழுத்தில் ஒரு கைப்பிடி. வாழ்நாளெல்லாம் நான் துண்டு துண்டாக மட்டும் பார்த்த ஜாடி. கடல் தாண்டி வந்தவர்கள் மதுவும் எண்ணெயும் கொண்டுவந்த ஜாடி, முழுசாக, கைக்கெட்டும் தூரத்தில். காது அடைத்துக்கொண்டது. கப்பல் ஒன்று பாயை விரித்துக்கொண்டு அந்த வாய்க்காலுக்குள் வருவதை நான் பார்த்தேன். பாயின் நிழல் என் மேல் விழுந்தது. யாரோ அந்த ஜாடியைத் தோளிலிருந்து இறக்கி, எனக்காக, பத்திரமாக, அந்தச் சேற்றில் வைத்துவிட்டுப் போனார்கள்.

நான் எழுந்தேன். படகிலிருந்து இறங்கினேன்.

பஸ்ஸிலிருந்து இறங்குகிற மாதிரி, ரொம்ப சாதாரணமாக இறங்கினேன் என்று கலியமூர்த்தி பிறகு எல்லாரிடமும் சொன்னார்.

வலது கால் முழங்கால்வரை போனது. அதை எடுக்க இடது காலை ஊன்றினேன். அது தொடைவரை போனது. நான் உதைத்த வேகத்தில் படகு பின்னால் நகர்ந்துவிட்டது. பிடிக்க ஒன்றுமில்லை. இடுப்புவரை இறங்கிய பிறகுதான் சேறு யோசிக்க ஆரம்பித்தது. (அந்த நிலைமையிலும் என் கால்கள் ஆய்வைத் தொடர்ந்தன. மேலே இளஞ்சூடு, முட்டியில் வழவழப்பு, பாதத்தில் ஐஸ்.)

"மேடம், ஆடாதீங்க. ஆடுனா இன்னும் உள்ள போவும். அப்டியே முன்னால படுங்க" என்றார் கலியமூர்த்தி.

"பட்டுங்க இது."

"படுங்கன்னு சொல்றாருல்ல? படுங்க" என்றார் டீச்சர். அந்தக் குரலுக்கு யார்தான் கட்டுப்பட மாட்டார்கள்? படுத்தேன். கன்னம் சேற்றில் பதிந்தது. என் மூக்குக்கு நேராக ஒரு குட்டி நண்டு வளைக்கு வெளியே வந்து, ஒற்றைப் பெரிய கையை ஆட்டி, இது யார் வீடு என்று விசாரித்தது.

கலியமூர்த்தி படகைத் திருப்பிக்கொண்டு வருவதற்குள் இன்னொரு படகு வந்துவிட்டது. குடும்பத்தோடு சுற்றிப் பார்க்க வந்தவர்கள். கையில் போன்.

"என்னங்க, ஷூட்டிங்கா?" என்று ஒருவர் கேட்டார்.

"அதெல்லாம் இல்லீங்க. இவுங்க டைரக்டரு" என்றார் கலியமூர்த்தி.

"டைரக்டரே நடிக்கிறாங்களா?"

"பாவம், ஒரு டூப்பு போடக் கூடாதா?" என்று அந்தப் படகில் இருந்த அம்மா வருத்தப்பட்டார். அந்தப் பரிவை என்னால் மறக்க முடியவில்லை. வீடியோ எடுப்பதை மட்டும் அவர்கள் நிறுத்தவில்லை.

துடுப்பை நீட்டினார்கள். ஒரு கையால் துடுப்பைப் பிடித்துக்கொண்டேன். இன்னொரு கையை ஜாடியை நோக்கி நீட்டினேன். நானாவது, விடுவதாவது. விளிம்பைப் பிடித்து இழுத்தேன். ரொம்ப சுலபமாக வந்தது. ஜாடி ஒன்று இவ்வளவு லேசாக இருக்கக் கூடாதே என்று மனசின் ஒரு மூலை சொன்னது. சேற்றோடு சேற்றாக, ஜாடியும் நானும் படகுக்குள் வந்து விழுந்தோம்.

கலியமூர்த்தி அதைப் பார்த்தார்.

"இது போன வருசம் ராஜா காலத்துப் படம் எடுக்க வந்தவங்க போட்டுட்டுப் போனதுங்க மேடம். இதுமாரி நெறையக் கெடந்துது. எல்லாம் பிளாஸ்டர். ஆர்ட் டைரக்டரு செஞ்சது."

விளிம்பில் நான் விரல் பதித்த இடம் சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது.

டீச்சர் என்னைப் பார்க்கவில்லை. "வீட்டுக்குப் போலாம்" என்று மட்டும் சொன்னார். திரும்பி வரும்போது அந்தப் பச்சை வெளிச்சம் அப்படியே இருந்தது. பறவை அதே கேள்வியைக் கேட்டது. அப்பா கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது என்ன என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஒரு மனுஷி தன் மனசைத் திறந்த நேரம் பார்த்து நான் இறங்கிப் போயிருந்தேன். சேறு காய்ந்து முகத்தை இழுத்துப் பிடித்தது. முந்திரித் தோப்பில் நிற்கும் சேர்மனின் அப்பா என் கண் முன்னால் பெரிதாகிக்கொண்டே வந்தார்.

சிதம்பரத்தில் டீச்சர் வீட்டுப் பின்கட்டில் குளித்தேன். அவருடைய நைட்டி ஒன்றைக் கொடுத்தார். டீச்சர் ஓங்குதாங்கான ஆள். நைட்டிக்குள் நான் எந்தப் பக்கம் இருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. புடவையை அலசி ஒரு வெள்ளை வாளியில் ஊறப் போட்டுவிட்டுக் கூடத்துக்கு வந்தேன். டீச்சர் ஒரே ஒரு படத்தை எடுத்து நாற்காலியில் சாய்த்து வைத்திருந்தார்.

"வந்தது வந்துட்டீங்க. கடைசிப் படம். பாத்துட்டுப் போங்க."

பார்த்தேன். வானம் இல்லை. மரம் பேருக்கு ஒரு கோடு. மீதி முழுக்கச் சேறு. மேலே வெயில் பட்ட பழுப்பு, கீழே வரவர அடர்ந்து, அடியில் கருநீலம்.

"வந்தவங்க எல்லாரும் இத மட்டும் வேணாம்னுட்டாங்க. கண்ணு தெரியாம வரைஞ்சது, கலரு தப்பாயிடுச்சுன்னு" என்றார் டீச்சர். "அன்னைக்கு அவரு சொன்னது இதான். அடியில நீலம் குடுன்னாரு. சேத்துல ஏதுப்பா நீலம்னேன். குடும்மான்னாரு. புத்தியும் போச்சு போலன்னு நெனச்சி எடுத்துக் குடுத்தேன்."

மனப்பாடம் செய்த வார்த்தை ஒன்றும் என்னிடம் மிச்சமில்லை. நான் எழுந்து பின்கட்டுக்குப் போய் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் காலடியில் வைத்தேன். வாளியின் அடியில் சேறு படிந்திருந்தது. புடவையின் கரைப் பக்கம், என் பாதத்தோடு அடிவரை போன இடத்திலிருந்து வந்த சேறு. கருநீலம்.

"கலரு சரிதாங்க டீச்சர். அடியில இப்படித்தான் இருக்கு."

டீச்சர் வாளியைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"அப்போ அப்பா இது உள்ள போயிருக்காரு" என்றார் மெதுவாக. "நான் சின்னப் பொண்ணா இருக்கறப்ப ஒருநாள் வேட்டியெல்லாம் சேறா வந்தாரு. படகுல ஏறும்போது வழுக்கிட்டுதுன்னு அம்மாகிட்ட சொன்னாரு."

பிறகு சிரிக்க ஆரம்பித்தார். நைட்டிக்குள் நின்ற என்னைப் பார்த்து இன்னும் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

படங்கள் எல்லாம் கடலூருக்கு வந்தன. கடைசிப் படம் நடு ஹாலில் நடுச் சுவரில் தொங்குகிறது. அதுதான் டீச்சரின் ஒரே நிபந்தனை. சேர்மன் முதலில் மூக்கைச் சுளித்தார், இப்போது வருகிறவர்களுக்கு அவரே நின்று விளக்கம் சொல்கிறார். அந்த வீடியோ எங்கெங்கோ சுற்றி திறப்பு விழாவுக்கு முன்பே ஊருக்குள் வந்துவிட்டது. விழாவில் படத்தைப் பார்க்க வந்தவர்களைவிட என்னைப் பார்க்க வந்தவர்கள் ஜாஸ்தி.

அதெல்லாம் ஓய்ந்துவிட்டது. வீட்டில்தான் ஓயவில்லை. கேஸ் புக் பண்ணியாயிற்றா, மகளுக்கு வரன் பார்க்கலாமா, தம்பி வீட்டு விசேஷத்துக்கு எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று என் கணவர் எதையாவது சொல்லிக்கொண்டிருப்பார். என் கண் மெல்ல எங்கோ போகும். அவர் பேச்சை நிறுத்திவிட்டு, குரலைக்கூட உயர்த்தாமல் கேட்பார்:

"பிலோ, படகுல இருக்கியா, எறங்கிட்டியா?"

மகளும் இப்போது அப்படித்தான் கேட்கிறாள். போன வாரம் தில்லைநாயகி டீச்சர் போன் செய்தார். ஏதோ முக்கியமாகச் சொல்ல வந்தவர், தொண்டையைச் செருமிக்கொண்டு, முதலில் அதைத்தான் கேட்டார்.

"இருக்கேங்க டீச்சர், சொல்லுங்க" என்றேன். சொன்னார். பாதிதான் காதில் விழுந்தது.