பவளப்பாறைக்கு வைத்த பொட்டு

கல்லைப் பார்த்து சரண்யாதேவி மேடம் சிரித்தபோதுதான் சிவனாண்டிக்குப் பயம் வந்தது. ஆறு மாதமாக மேடம் எதையும் பார்த்துச் சிரித்ததில்லை.

"அண்ணாச்சி, இங்க பாருங்க. சிவப்பா ஒரு கோடு தெரியுதா?"

தெரிந்தது. முழங்கை நீளத்துக்கு வெள்ளையாகக் கிடந்த பவளக்கல்லின் நடுவில் விரல் அகலத்துக்கு ஒரு சிவப்புப் பட்டை. அது எங்கிருந்து வந்தது என்று சிவனாண்டிக்கு நன்றாகவே தெரியும். திருச்செந்தூர் சன்னதித் தெருவிலிருந்து, சின்னப் பாக்கெட்டில் வந்தது.

தூத்துக்குடி துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு குடோனை ஆராய்ச்சிக்கூடமாக மாற்றியிருந்தார்கள். கடலில் நிற்கும் கப்பல், அடியில் புதைந்துபோன பழங்காலப் பவளப்பாறையைத் துளைத்து உருளை உருளையாகக் கல்லை எடுத்து அனுப்பும். இங்கே அதை நீளவாக்கில் இரண்டாகப் பிளப்பார்கள். ஒரு பாதி மேசைக்கு. மறு பாதிக்குச் சீல் வைத்துக் குளிர் அறையில் பூட்டிவிடுவார்கள். அதை யாரும் தொடக்கூடாது. மேடம்தான் அந்தக் கூடத்தின் தலைமை ஆராய்ச்சியாளர், சிவனாண்டி ஸ்டோர் கீப்பர்.

துளைபோடுவதற்கு வைரமுனை பதித்த புது பிட் வந்து இறங்கிய அன்று, மேடம் எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னார். பிட்டில் எண்ணெய் படக்கூடாது, கை படக்கூடாது, வெளிப்பொருள் ஒரு துளி கலந்தாலும் ஆராய்ச்சி பாழ். சிவனாண்டி எல்லோரையும்விட வேகமாகத் தலையாட்டினார்.

ஆனால் அவர் உடன்குடிப் பக்கத்துக் கடைக்காரக் குடும்பம். அவர்கள் வீட்டில் புதுத் தராசுக்கும் பொட்டு வைப்பார்கள், சைக்கிள் பம்புக்கும் வைப்பார்கள். அத்தனை பெரிய கடலில் இறங்கப்போகிற சாமானை வெறும் நெற்றியோடு அனுப்ப அவருக்கு மனசு வரவில்லை. மறுநாள் காலையில் யாரும் வருவதற்கு முன்பே வந்து, சூடம் காட்டி, பிட்டின் பல்லிடுக்கெல்லாம் குங்குமத்தை அப்பி, அவரே பெட்டியில் வைத்து ஆணி அடித்துவிட்டார். பெட்டி படகில் ஏறி, கப்பலில் மிஷின் ஓட்டும் பெனிஸ்டனிடம் போய்ச் சேர்ந்தது.

அந்தக் குங்குமம் இப்போது மேசைமேல் கிடந்தது.

"இது என்ன தெரியுமா அண்ணாச்சி? பல ஆயிரம் வருசத்துக்கு முந்தி கடல் பின்வாங்கி, இந்தப் பாறை வெயில்ல காஞ்சு கிடந்திருக்கு. அப்போ உங்க ஊர்த் தேரிக்காட்டுச் செம்மண் காத்துல பறந்து வந்து மேல படிஞ்சிருக்கு. பெறகு கடல் திரும்பி வந்து, அதுக்கு மேல மறுபடியும் பவளம் வளந்திருக்கு."

"அப்படியா மேடம்" என்றார் சிவனாண்டி.

"நாளைக்கு மூணு மணிக்கு வீடியோ மீட்டிங். பத்து நாட்டுக்காரங்க வாராங்க. இதத்தான் காட்டப் போறேன்."

மேடம் சாப்பிடப் போனதும் சிவனாண்டி ஈரத்துணியை எடுத்தார். தேய்த்தார். சுற்றிலும் இருந்த சேறு போய்க் கல் பளபளவென்று ஆயிற்று. சிவப்பு மட்டும் அசையவில்லை. முன்பு மங்கலாக இருந்தது இப்போது வாசலிலிருந்து பார்த்தாலே தெரிந்தது.

திரும்பி வந்த மேடம், "காயக் காய எவ்வளவு தெளிவா வருது பாருங்க" என்று நாலு பக்கமும் நின்று போட்டோ எடுத்து, சென்னைக்கு அனுப்பினார். மீட்டிங்குக்கு இன்னும் பதினைந்து பேர் சேர்ந்தார்கள்.

சிவனாண்டி குடோனுக்குப் பின்னால் போய் மனைவி முத்துச்செல்விக்குப் போன் போட்டார்.

"ஏளா முத்து, குங்குமக் கறை எதுல போகும்?"

அந்தப் பக்கம் அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது.

"யாரு குங்குமம்?"

"நான் வச்சதுதான்."

"யாருக்கு வச்சீக?"

"பிட்டுக்குளா. மிஷின் சாமான்."

"மிஷினுக்கு வச்சது சட்டையில எப்படி வந்து ஒட்டுச்சு?"

"சட்டையில இல்ல. கல்லுல ஒட்டிருக்கு."

"கல்லுல." முத்துச்செல்வி அந்த வார்த்தையை ஒருமுறை நிதானமாகச் சொல்லிப் பார்த்தாள். "எலுமிச்சம்பழத்தத் தேச்சா போயிரும். சாயந்தரம் அந்தச் சட்டையோடயே வீட்டுக்கு வாங்க. நான் பாக்கணும்."

சாயந்தரம் அவள் சட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, முகர்ந்தும் பார்த்தாள். கறை இல்லை. அதனால் சந்தேகம் அதிகமாயிற்று. அந்த ராத்திரி சிவனாண்டிக்குச் சோறு கிடைத்தது, பேச்சு கிடைக்கவில்லை.

மறுநாள் காலையில் முதல் ஆளாக வந்து எலுமிச்சம்பழத்தை அறுத்துக் கல்லில் தேய்த்தார். அடுத்த நொடி கல் பொங்கியது. சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி நுரை புசுபுசுவென்று வந்தது. பவளம் என்பது சுண்ணாம்பு, புளிப்புப் பட்டால் கரையும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. அவர் பதறித் துடைப்பதற்குள் வெள்ளைக் கல் சுற்றிலும் கரைந்து, சிவப்புப் பட்டை மட்டும் வேட்டிக்கரை போல மேலே துருத்திக்கொண்டு நின்றது. ஒரு பொட்டு நிறம்கூடக் குறையவில்லை.

அந்தக் கலவரத்திலும் அவருக்குச் சின்னதாக ஒரு பெருமை. என்ன இருந்தாலும் சன்னதித் தெருக் குங்குமம், அசல் சரக்கு.

மேடம் உள்ளே வந்ததும் மூக்கைச் சுளித்தார்.

"இங்க என்ன எலுமிச்சம்பழ வாசம்?"

"மத்தியானத்துக்கு எலுமிச்சஞ்சோறு கொண்டாந்திருக்கேன் மேடம்."

"லேபுக்குள்ள சாப்பாடு கூடாதுன்னு எத்தன தடவ சொல்றது?" என்றவர் கல்லைப் பார்த்து நின்றுவிட்டார். லென்ஸை எடுத்தார். "சுத்தி எல்லாம் கரைஞ்சிருக்கே. யாராவது தொட்டாங்களா?"

"லேசா ஈரம் பட்டிருக்கும் மேடம்."

"படலாமா அண்ணாச்சி? நல்லவேளை, மறு பாதி சீலோட பத்திரமா இருக்கு." பிறகு குரல் மாறியது. "ஆனா இந்தச் சிவப்பு மட்டும் கரையல பாத்தீங்களா? அப்போ இது மண்ணேதான்."

சிவனாண்டி எதைச் செய்தாலும் அது மேடத்துக்கு ஆதாரமாகப் போய் முடிந்தது.

இரண்டரை மணிக்கு மேடம் முகம் கழுவி, தலை வாரி, ஏரலில் இருக்கும் அப்பாவுக்குப் போன் போட்டார்.

"அப்பா, மூணு மணிக்குத் தம்பியோட கம்ப்யூட்டர்ல பாருங்க. நான் பேசுறேன். ஆமாப்பா, நாங்க கண்டுபிடிச்சதுதான். அம்மாவையும் கூப்பிட்டு உக்கார வைங்க."

அதைக் கேட்டதும் சிவனாண்டி மேடத்தின் மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றார். வேலை போனால் உடன்குடியில் கடை இருக்கிறது. ஆனால் பெற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது, உலகத்துக்கு முன்னால் இந்தப் பிள்ளை குங்குமத்தைக் காட்டிச் செம்மண் என்று சொல்லப் போகிறதே. தன் ஒரு ஆளால் அப்படி நடக்கக்கூடாது.

"மேடம், அது செம்மண் இல்ல" என்றார். "நான் வச்ச குங்குமம்."

எல்லாவற்றையும் சொன்னார். சூடம், பல்லிடுக்கு, ஈரத்துணி, எலுமிச்சம்பழம், ஒன்றையும் விடவில்லை. மேடம் கேட்டு முடித்துவிட்டு மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஓட்டை ஓட்டையா இருக்க கல்லு. பிட்டுல இருந்தது தண்ணியோட ஊறி உள்ள போயிருக்கும்" என்று தனக்கே சொல்லிக்கொண்டார். "அப்போ சீல் வச்ச பாதியும் வீண்தான். சந்தேகம் வந்துட்டா அது சாம்பிளே இல்ல அண்ணாச்சி."

"என்னைய வேலைய விட்டு அனுப்பிருங்க மேடம்."

"அத அப்புறம் பேசலாம். மூணு மணிக்கு முந்தியே சொன்னீங்களே, அதுவே பெரிசு."

திட்டவில்லை. இரண்டு நாளாக மார்மேல் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிப் போனதில் சிவனாண்டிக்குக் கண் கலங்கியது. அழுகிறோமா சிரிக்கிறோமா என்று தெரியாமல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மேடம் மீட்டிங்கை ரத்து செய்யச் சொல்லிக் கம்ப்யூட்டரில் கடிதம் எழுதத் தொடங்கினார். குங்குமத்துக்கு இங்கிலீஷில் என்ன எழுதுவது என்று தெரியாமல் பாதியில் நிறுத்தி யோசித்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் கதவைத் தள்ளிக்கொண்டு பெனிஸ்டன் வந்தான். துளைபோட ஆரம்பித்த நாள் முதல் கப்பலிலேயே இருந்தவன், விடுப்பில் இன்றுதான் கரை இறங்கியிருந்தான். தோளில் பை, கையில் கனமாக ஒரு சாக்கு. கம்ப்யூட்டருக்குப் பின்னால் மேடம் இருப்பதை அவன் கவனிக்கவில்லை. சாக்கைச் சிவனாண்டி காலடியில் இறக்கிவிட்டு ரகசியமாகச் சொன்னான்:

"இந்தாங்க அண்ணாச்சி, உங்க புது பிட்டு. இத எறக்குனா மேடம் உங்கள வேலைய விட்டுத் தூக்கிருவாகன்னு பயந்து, மொத நாள்ல இருந்து பழைய பிட்டுலதான் ஓட்டுதேன், நீங்க வச்ச குங்குமம் ஒரு துளி கலையல பாருங்க."