ஐஸ் டாக்டரின் வாளி

வலியைப் பற்றி ஐஸ் டாக்டரைவிட அதிகம் படித்தவர் எங்காவது இருந்திருக்கலாம். வலிக்கு அவரைவிட அதிகம் பயந்தவரை மலேசியா முழுக்கத் தேடினாலும் கண்டுபிடித்திருக்க முடியாது. சிவப்பெறும்பு கடித்ததற்கு இரண்டு நாள் நொண்டியவர் அவர்.

சிரம்பான் பக்கம் பாரோயில் வீடு. பல்கலைக்கழகத்தில் வலி நிவாரண ஆராய்ச்சி. கழுத்தில் எப்போதும் ஒரு ஸ்டாப்வாட்ச் தொங்கும். தேநீர் எத்தனை நிமிடத்தில் ஆறுகிறது, நாய் எத்தனை நொடி குரைக்கிறது, எல்லாவற்றையும் அளந்து எழுதுவார். அளக்க மறந்து நான் பார்த்தது ஒரே ஒரு தடவைதான்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். பல்கலைக்கழகத்திலும் இடம் கிடைத்தது. எண்பதுகளில் ஒரு விடுமுறைக்கு அவருடைய உதவியாளராகச் சேர்ந்து, ரெம்பாவ் பக்கம் நான் பிறந்த ரப்பர் தோட்டத்துக்கே கையில் தாள் அட்டையோடு போய் இறங்கியபோது, எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

பால்வெட்டு முடிந்து வந்த பதினைந்து பெண்கள் பிள்ளைகளை விடும் ஆயாக்கொட்டகையில் கூடினார்கள். நடுவில் ஐஸ் மிதக்கும் வாளி. பக்கத்தில் மீசையை முறுக்கிக்கொண்டு, அவர்களை வேலை வாங்கும் மண்டோர்.

"ஒடம்புக்குள்ளேயே அபினி மாதிரி ஒரு மருந்து ஊறுதும்மா," என்றார் டாக்டர். "மூளையில அதுக்குன்னு மங்கு மாட்டியிருக்கு. மருந்து மங்குல விழுந்தா வலி கொறையும்."

ரப்பர் பால் பிடிக்கும் கோப்பைக்குத்தான் எங்கள் தோட்டத்தில் மங்கு என்று பெயர். அந்த உவமையைச் சொல்லிக் கொடுத்தது நான்.

மாரியாயி அக்கா கை தூக்கினாள். "ஏன் டாக்டரு, எங்கூட்டுக்காரரு தெனமும் சம்சு சாராயம் ஊத்துறாரே, அது எந்த மங்குல போயி விழுது?"

கொட்டகையே சிரித்தது. டாக்டர் மட்டும், "நல்ல கேள்விலா," என்று குறித்துக்கொண்டார்.

"தண்ணியில கைய விடணும். வலிச்சா எடுத்துடலாம். ரொம்ப ஈசி, பாருங்க." கையை விட்டார். "ஐயோ அம்மா!" நான்கு நொடி.

ஆனால் ஒவ்வொருத்தராகக் கையை விட்ட பெண்கள் யாரும் அசையவில்லை. "வலிக்குதா?" "இல்லிங்க." அவர் வைத்திருந்த உச்சவரம்பு ஐந்து நிமிடம். ஐஸ்தான் கரைந்தது, கைகள் வெளியே வரவில்லை. "போதும், எடுங்கம்மா," என்று டாக்டர் கெஞ்சிய பிறகுதான், அந்தப் பதினைந்து பேரில் ஒருத்தியான என் அம்மா கையை எடுத்தாள். அம்மாவின் பெயருக்கு நேரே நான் பெரிதாக ஒரு நட்சத்திரம் போட்டேன்.

"இங்க மங்கெல்லாம் நெறைஞ்சு வழியுது! அடுத்த மாசம் மாநாட்டுல இதைத்தான் பேசப்போறேன்!" டாக்டர் குதித்த குதியில் வாளி கவிழ்ந்தது.

லயத்து வரிசையில் எங்கள் வீட்டுக்குப் போனதும் அம்மாவால் தேநீர்க் குவளையைத் தூக்க முடியவில்லை. வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது.

"ஏம்மா, இந்தக் கையையா தண்ணியில விட்ட?"

"மண்டோரு பக்கத்துலயே நின்னாருல்ல. யாரு தாங்குறா, யாரு தாங்கலன்னு ஆளு பொறுக்க வந்திருக்காங்கன்னு நெனச்சோம். வலிக்குதுன்னா நாளைக்குக் காலையில பெரட்டுல வேலைக்குப் பேரு கூப்பிட மாட்டாரு. அதான் எல்லாரும் பல்லக் கடிச்சிக்கிட்டோம்."

"எத்தன நாளா வலிக்குது?"

"நீ யுனிவர்சிட்டிக்குப் போறதுக்கு முந்தி, ஆறாம் படிவம் படிக்கறப்பவேருந்து."

சொன்னால் டாக்டரின் மாநாடு போச்சு. சொல்லாவிட்டால் அம்மாவின் கை போச்சு. டாக்டர் வாளியைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தார். ஓடிப்போய்ச் சொன்னேன்.

தாளை வாங்கினார். பிறகு மூலைக்கு மூலை ஒரு கோடு இழுத்தார், என் நட்சத்திரத்தையும் சேர்த்து.

"அப்ப நான் அளந்தது மருந்த இல்லம்மா. மண்டோர."

மறுவாரம் புது ஐஸோடு வந்தார். "மண்டோரய்யா, நீங்கதான் மொத ஆளு."

மண்டோர் மீசையைத் தடவிக்கொண்டு கையை விட்டார். ஏழாவது நொடியில் அவர் போட்ட சத்தத்தில் தூளிப் பிள்ளைகள் எழுந்துகொண்டன. "ஆபீஸ்ல வேலை இருக்கு," என்று போனவர் திரும்பி வரவில்லை.

அதன் பிறகு பார்க்க வேண்டுமே! "ஐயோ டாக்டரு, செத்தேன்லா!" என்று மாரியாயி அக்கா விரல் நனையும் முன்பே அலறினாள். ஆளுக்கு ஆள் போட்டி போட்டுக்கொண்டு கத்தினார்கள். "நீங்க நாலு செகண்டு, நான் அஞ்சு!" என்று டாக்டரையே வம்புக்கிழுத்தார்கள். மாநாட்டுக்கு அவர் போகவில்லை.

கடைசியில் அம்மா. கையை விட்டாள். சுற்றிலும் பார்த்தாள். பிறகு, யாரிடமோ மன்னிப்புக் கேட்பதுபோல, "வலிக்குதுங்க," என்றாள். அம்மா அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

டாக்டர் சட்டென்று அந்தக் கையை எடுத்துத் தன் கைக்குட்டையில் பொதிந்துகொண்டார். அன்றே தன் காரில் சிரம்பான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். கை குணமாகும்வரை பெரட்டில் பெயர் இருக்க வேண்டும் என்று தோட்டத்துத் துரைக்குக் கடிதமும் எழுதினார்.

அந்த மறுவாரத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. எல்லோருக்கும் நேரே நொடிக்கணக்கு இருக்கிறது, மண்டோருக்கும்கூட. அம்மாவின் கட்டம் மட்டும் காலி. ஸ்டாப்வாட்சை அமுக்க டாக்டர் மறந்துவிட்டார்.