ஜெர்மன் அக்காவின் ஒரே வாசகி

செத்து இருநூறு வருடமான ஒரு பெண்ணுக்காக, டென்மார்க்கின் இக்காஸ்ட் ஊரில் உயிரோடிருக்கிற அத்தனை பேரோடும் சண்டை பிடித்தவர் எங்கள் ஜெர்மன் அக்கா ஒருவர்தான். இங்கே வருமுன் ஐந்து வருடம் ஜெர்மனியில் அகதியாக இருந்தவர். அங்கே பாஷை படித்த காலத்தில் ஒரு பழைய நாவல் கையில் அகப்பட்டது. எழுதியவள் அந்த நாட்டின் முதல் நாவல்காரிகளில் ஒருத்தி. அன்று பிடித்தது சனி!

பக்கத்து ஊரான ஹேர்னிங்கிலிருந்து இக்காஸ்ட் தையல் தொழிற்சாலைக்கு என் காரில்தான் வருவார். ஆகவே முழுக்கதையும் என் தலையில்.

"அவளின்ரை பிள்ளையளைப் படிக்கவெண்டு தூரத்துக்கு அனுப்பிப்போட்டினம். பெத்தவள் என்ன செய்யிறது? கடதாசியிலை ஒரு பெட்டையை வளர்த்தாள். அந்த நாவலை அச்சடிச்ச சிநேகிதன் அவளின்ரை பேரைப் போடேல்லை. முன்னுரையிலை குறையளுக்கு மன்னிப்பு வேறை! சனம் அவன்தான் எழுதினவன் எண்டு புகழ்ந்து தள்ளிச்சுது. விசரங்கள்!"

"அக்கா, நான் கார் ஓட்டுறன். கத்தாதையுங்கோ."

ஒருநாள் தையல் மெஷினில் இருந்தபடி அவளை நினைத்து அழுதிருக்கிறார். டேனிஷ் மேற்பார்வையாளர் பதறிப்போய், சொந்தக்காரியோ என்று கேட்டார். "யா" என்றார் அக்கா, கூசாமல். அரைநாள் லீவு கிடைத்தது.

இன்னொரு நாள் ஒரு பெண்ணின் கவிதை நூல் வெளியீடு. தலைவர் எழும்பி, "சில குறைகள் இருந்தாலும்..." என்று தொடங்கினார். பின்வரிசையிலிருந்து அக்காவின் குரல்: "அண்ணை, முதல்லை நீங்கள் ஒரு புத்தகம் எழுதுங்கோ. குறையை நாங்கள் சொல்லுறம்!" தலைவர் பேச்சை ஒரு நிமிடத்தில் முடித்துக்கொண்டார்.

இவ்வளவு சத்தம் போட்ட மனுஷிக்கு வாசகி ஒருத்திதான். வன்னியில் இருந்த தங்கை. நாவல் முழுக்கக் கடிதங்கள். அக்கா ஒவ்வொன்றாகத் தமிழில் கொப்பியில் எழுதி, போனில் வாசித்துக் காட்டுவார். போரின் கடைசி மாதங்களில், பதுங்குகுழியில் கிடந்த தங்கைக்கு யாரோ ஒருவருடைய சாட்டிலைட் போன் ஐந்து நிமிடம் கிடைக்கும். "சாப்பிட்டியோடி?" என்று ஒரு கேள்வி. மிச்சமெல்லாம் கதை.

"இந்த நேரத்திலை நாவலோ, அக்கா?" என்று நான் பாய்ந்தேன்.

"அவள்தான் கேக்கிறாள். செல்லடியைப் பற்றி என்னத்தைக் கதைக்கிறது?"

கதையின் நாயகியை ஒருவன் பொய்க் கல்யாணம் செய்து ஏமாற்றி, பிறகு ஒரு மலைப்பிரதேசத்தில் கொண்டுபோய் அடைத்துவிட்டான். அந்த இடத்தில் லைன் அறுந்தது.

மே மாதம் போர் முடிந்தது என்றார்கள். போன் வரவில்லை. அக்கா மிச்சக் கடிதங்களையும் எழுதி முடித்து, கொப்பியைக் கைப்பையில் கொண்டு திரிந்தார். ஒருவரோடும் சண்டை பிடிக்கவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

ஒரு மத்தியானம், வேலை முடிந்து காரில் ஏறியபோது அவருடைய போன் அடித்தது. முகாமிலிருந்து ஒரு பெண். தங்கையோடு ஒரே பதுங்குகுழியில் இருந்தவளாம். தங்கை செல்குண்டு பட்டு அங்கேயே இறந்துபோனதைச் சொன்னாள். அக்கா அழவில்லை. போனைக் காதிலிருந்து எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்தார். அந்தப் பெண் தொடர்ந்தாள்.

"அக்கா, குறை நினையாதையுங்கோ. போன் கதைச்சிட்டு வந்து அவ எங்கள் எல்லாருக்கும் அந்தக் கதையைச் சொல்லுறவ. இஞ்சை பிள்ளையளும் கேக்குதுகள். மலையிலை அடைச்ச பெட்டை வெளியிலை வந்தவளோ?"

அக்கா கொப்பியைத் திறந்தார். விட்ட இடத்தில் விரலை வைத்தார். கொப்பியை என்னிடம் நீட்டினார்.

"நீ வாசியடி. ஒண்டும் விடாதை."

எத்தனையோ வருடம் அவரைப் பகிடி பண்ணிய நான், தொழிற்சாலை வாசலில் நின்ற காருக்குள்ளிருந்து, அழுது அழுது, பெட்டை மலையிலிருந்து வெளியே வந்து கதை முடிகிற கடைசி வரிவரை வாசித்தேன். முடிந்த பிறகும் அக்கா பிடித்திருந்த என் கையை விடவில்லை. நானும் காரை எடுக்கவில்லை.