செல்மர் பீப்பாயின் அழுத்தம்

வீட்டில் பீர் காய்ச்சுவது விஸ்கான்சினில் குற்றமல்ல. காய்ச்சாமல் இருப்பவரைத்தான் சற்றுச் சந்தேகமாகப் பார்ப்போம். என் பக்கத்து வீட்டு செல்மர், மகள் இங்ரித்தின் கல்யாணத்துக்கென்று ஒரு பீப்பாய் காய்ச்சினார். மகள் பிறந்த அன்றே மனசுக்குள் முடிவு செய்த பீர். இனி அது மாட்டிய சிலிண்டரிலிருந்து கேஸை மெல்ல இழுத்துக்கொண்டு, குளிரில் இரண்டு வாரம் சும்மா கிடக்க வேண்டும். கேஸ் ஏறினால் பீர், ஏறாவிட்டால் கழுநீர்.

கல்யாணம் நகராட்சி மண்டபத்தில். ஆகவே கேஸ் ஏறும் பீப்பாய்க்கு அழுத்தக்கலன் பாதுகாப்புப் பிரிவின் அனுமதி தேவைப்பட்டது. அந்தப் பிரிவு என்பது லியோனா என்கிற ஒரே அம்மாள். வந்ததும் சிலிண்டரைக் கழற்றி அரக்கு முத்திரை வைத்தார்.

“பதினாலு நாள், தினமும் வந்து அழுத்தம் இருக்கான்னு பார்ப்பேன்.”

“எப்படிப் பார்ப்பீங்க?” என்றார் செல்மர்.

பீப்பாய் மூடியில் கேஸை வெளியேற்றும் வால்வின் வளையத்தை லியோனா இழுத்தார். புஸ்ஸென்று கேஸ் சீறியது. சீறல் முழுக்க அடங்கும்வரை பொறுமையாகப் பிடித்திருந்து, ‘அழுத்தம் உண்டு’ என்று எழுதினார்.

“மேடம், இப்ப நீங்க வெளியில விட்டீங்களே, அதுதான் அழுத்தம்!”

“விடாம எப்படிங்க தெரியும்? ஊகத்துல கையெழுத்துப் போடச் சொல்றீங்களா?”

“சரி, சிலிண்டரையாவது மாட்டுங்க. போனது திரும்ப ஏறட்டும்.”

“ஆய்வு நடக்கும்போது பீப்பாயில யாரும் கை வைக்கக் கூடாது.”

“நீங்க வைக்கிறீங்களே?”

“அதுக்குப் பேருதான் ஆய்வு.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் என் கராஜிலும் அனுமதியில்லாத பீப்பாய் ஒன்று இருந்ததால் வாயை மூடிக்கொண்டேன்.

பதினான்காம் நாள் வளையத்தை இழுத்தார். சத்தமே இல்லை. செல்மர் முகம் தொங்கிப்போனது; லியோனா முகம் மலர்ந்தது.

“அழுத்தமே இல்ல. அப்ப இது அழுத்தக்கலனே இல்ல. அனுமதியே தேவையில்ல செல்மர், வாழ்த்துகள்!”

“இப்பவாவது சிலிண்டரை மாட்டலாமா?”

“மாட்டுனா அழுத்தம் வந்துடுமே. புதுசா மனு, பதினாலு நாள்.”

கல்யாணம் மறுநாள். செல்மர் முதல் கிளாஸை ஊற்றினார். ஒரு குமிழிகூட இல்லை. மனுஷன் அழாத குறை. அப்போது மாப்பிள்ளையின் மில்வாக்கி நண்பன் ஒருவன் ஒரு வாய் உறிஞ்சி, தாடியைத் தடவி, கண்ணை மூடினான்.

“கேஸே இல்ல! என்ன ஒரு நேர்மையான பீர்! எப்படி சார் பண்ணீங்க?”

செல்மர் லியோனா பக்கம் கையைக் காட்டினார்.

அடுத்த கோடைக்குள் கேஸில்லாத பீருக்காக ஊரே தினமும் வளையத்தை இழுத்துக்கொண்டிருந்தது. மாவட்டச் சந்தையின் பீர் போட்டிக்கு லியோனா தலைமை நடுவரானார். செல்மர் பிடிவாதமாக, சிலிண்டரைக் கழற்றாமல் இரண்டு வாரம் பதப்படுத்திய பீப்பாயைக் கொண்டுவந்தார். ஊற்றியதும் இரண்டு விரல் உயரத்துக்கு நுரை நின்றது. லியோனா எழுதினார்: ‘குறைபாடு: நுரை. தகுதி நீக்கம்.’ இரண்டாம் நடுவரும் கையெழுத்திட்டார்.

செல்மர் மூன்றாம் நடுவரிடம் திரும்பினார். “நீயாவது உண்மையச் சொல்லுப்பா. குடிச்சல்ல? எப்படி இருந்துச்சு?”

மூன்றாம் நடுவர் நான்தான். என் கிளாஸ் எப்போதோ காலியாகியிருந்தது. மீசையிலிருந்த நுரையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.