நாற்பது கிலோ சம்பந்தம்

ஊஸ்டர், சுவிஸ்,
ஞாயிற்றுக்கிழமை.

மதிப்புக்குரிய தங்கராஜா அத்தானுக்கு நித்தியானந்தன் எழுதிக்கொள்வது. நீங்களும் அக்காவும் நோய்நொடி இல்லாமல் இருக்க அட்லிஸ்வில் முருகனைக் கும்பிடுகிறேன். நாங்கள் உயிரோடு இருக்கிறோம். அதற்குமேல் எதையும் உறுதியாகச் சொல்லும் நிலையில் நான் இல்லை. போனில் சொல்லலாம்தான், ஆனால் அக்கா ஸ்பீக்கரில் போட்டால் சாவகச்சேரி முழுக்கக் கேட்கும். நேற்று மத்தியானம் நடந்ததை நினைத்து நினைத்து எழுதுகிறேன், எழுத்து கோணினால் குறை நினைக்காதேங்கோ.

போன மாதம் ஜெனனி, "அப்பா, நான் ஒருத்தரை விரும்புறன்" என்றாள். அதுவே முதல் இடி. ஆள் பஞ்சாப்காரன் என்றது அடுத்த இடி. பெயர் ஹர்விந்தர், சூரிச்சில் நிலத்தடித் தண்ணீரைப் பற்றிப் படிக்கிறான், தலைப்பாகையோடு வந்து என் காலைத் தொட்டான். நல்ல பெடியன்தான். ஆனால் போன வருஷம் மூன்று கடை வைத்திருந்த குடும்பம் பெண் கேட்டு வந்தபோது, "பெரிய இடம், நாங்கள் நிமிர்ந்து நிண்டு கதைக்க ஏலாது" என்று நான் திருப்பி அனுப்பியது உங்களுக்குத் தெரியும். ஆகவே நிலைமையை முதலே அறிவோம் என்று, "ஊரில என்ன இருக்கு தம்பி?" என்று ஜெர்மனில் கேட்டேன். "அப்பாட்ட நாற்பது கிலோ இருக்கு. குளிருக்குக் கோதுமை, மழைக்கு நெல்லு" என்றான். தண்ணீர் எப்படி என்று கேட்டேன். "அதுதான் பெரிய கரைச்சல். வருஷா வருஷம் கீழ போகுது. இப்ப இருநூறு அடி தோண்டவேணும்."

யோசித்துப் பாருங்கோ அத்தான். ஒரு குடும்பத்துக்கு நாற்பது கிலோ! அதைக் காய்ச்சிக் குடிக்கத் தண்ணியும் இல்லை! பஞ்சாப் என்ற பெயருக்குள்ளேயே பஞ்சம் கிடக்குதே, இத்தனை காலமும் கண்ணில் படவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டேன். என் மனுசி புனிதவதி குசினிக்குள் போய் அழுதாள். "இடம்பெயர்ந்த காலத்தில நாங்கள் ஒரு சுண்டு அரிசிக்கு நிண்ட நிலை மறந்துபோச்சோ? இல்லாத சனத்தைத் தள்ளக் கூடாதப்பா" என்றாள். நின்ற நிலையிலேயே சம்மதம் சொன்னேன். ஜெனனி பாவம், ஒன்றும் அறியாத பிள்ளை, தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

பெடியனின் தகப்பன் ஊரிலிருந்து வருகிறார் என்று தெரிந்ததும், வெறுங்கையோடு அனுப்பக் கூடாதே என்று கோயிலில் வரதராசா அண்ணையிடம் மெல்லமாகக் காதில் போட்டேன். அவருக்குக் காதில் விழுந்தது வாயில் நிற்காது. பூசை முடிந்ததும் மைக்கைப் பிடித்து, "எங்கட நித்தியின்ர சம்பந்தி வீடு பஞ்சாப்பில பட்டினி கிடக்குது" என்று அறிவித்துவிட்டார். எங்கட சனத்தைத் தெரியும்தானே. வெள்ளிக்கிழமை பின்னேரம் என் ஹோலில் பதினெட்டு மூட்டை அரிசி. கதவு திறக்க ஏலாது.

நேற்று மனுசன் வந்து இறங்கினார். ஆறடி உயரம், வெள்ளைத் தாடி, முகத்தில் சிரிப்பு மருந்துக்கும் இல்லை. "அப்பா கலியாணத்தை நிப்பாட்டத்தான் வந்திருக்கிறார்" என்று ஹர்விந்தர் என் காதுக்குள் சொன்னான். ஜெனனியின் முகம் வெளிறிப்போயிற்று. நான் மறுபேச்சில்லாமல் அவர் கையைப் பிடித்து மூட்டைகளுக்கு முன்னால் நிறுத்தி, "எல்லாம் உங்களுக்குத்தான், கூச்சப்படாதேங்கோ. சாவகச்சேரியில எனக்கு ஐஞ்சு பரப்புக் காணியும் கிடக்கு, கஷ்டமெண்டால் வந்து தோட்டம் செய்யுங்கோ" என்றேன். பெடியன் திருதிருவென்று முழித்து முழித்து மொழிபெயர்த்தான். அவர் ஒரு மூட்டையை அவிழ்த்து, ஒரு பிடி அள்ளி மணந்து, சாக்கைத் திருப்பிப் பார்த்தார். அமிர்தசரஸ் என்று அச்சடித்திருந்தது. அவருடைய மாவட்டமாம்!

பிறகுதான் பெடியன் விளக்கினான். ஐயோ அத்தான், அது கிலோ இல்லையாம், கில்லாவாம்! ஒரு கில்லா என்றால் ஒரு ஏக்கராம்! நாற்பது ஏக்கர்! அறுநூற்று நாற்பது பரப்பு! மேடுமில்லை பள்ளமுமில்லை, பாய் விரித்த மாதிரி வயலாம். பஞ்ச் என்றால் ஐந்தாம், ஆப் என்றால் தண்ணீராம், ஐந்து ஆற்று நாடாம். இதெல்லாத்தையும் விட, அவையள் சாப்பிடுறது ரொட்டியாம், நெல்லு விளைவிக்கிறது மற்றவைக்காம்! தான் தின்னாத நெல்லுக்கு இருநூறு அடி தோண்டுவானோ ஒருத்தன்? முப்பது வருஷம் விவசாயத் திணைக்களத்தில் இருந்தீர்களே, ஒருநாளாவது எனக்கு இதைச் சொன்னீர்களோ?

வெட்கத்தில் நான் யன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் விம்மல் சத்தம். திரும்பினால் அந்த ஆறடி மனுசன் அழுகிறார். ஹர்விந்தர் சொன்னான்: "அறுபத்திரண்டு வயசில எல்லாரும் தன்னட்டயிருந்து அரிசி கொண்டுபோனவைதானாம். தனக்கெண்டு ஒருத்தர் அரிசி தந்தது இதுதான் முதல் தரமாம். இந்த வீட்டுப் பிள்ளைதான் வேணுமாம்." பிறகு என்னைக் கட்டிப்பிடித்தார் பாருங்கோ, விலா இன்னும் நோகுது.

ஆகவே தையில் ஒரு நல்ல நாள் பார்த்து அறிவிக்கவும். கிலோக் கதையை மட்டும் அக்காவுக்கும் சொல்லவேண்டாம். ஜெனனியையும் கோபிக்காதேங்கோ; பச்சை மண், அதுக்குக் கிலோ எது கில்லா எது என்று என்ன தெரியும். அக்காவுக்கு என் அன்பு, உங்களுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
விலா நோவுடன்,
நித்தியானந்தன்

பி.கு.: கடிதத்தை ஒட்டமுன் ஜெனனி வாங்கி வாசித்தாள். "அது கில்லா எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும் அப்பா" என்றாள். பிறகு ஏனடி வாய் திறக்கவில்லை என்று கத்தினேன். "நாற்பது ஏக்கர் எண்டு சொன்னா, பெரிய இடம் எண்டு திருப்பி அனுப்பியிருப்பீங்கள். இல்லாத வீடு எண்டா நீங்கள் ஒருநாளும் மாட்டன் எண்டு சொல்லமாட்டீங்கள், அதுவும் எனக்குத் தெரியும்" என்றாள். அத்தான், மேலே ஒன்றும் அறியாத பிள்ளை என்றும் பச்சை மண் என்றும் எழுதியிருக்கிறேன். அவ்விரண்டு இடத்திலும் என் பெயரைப் போட்டு வாசித்துக்கொள்ளவும்.